கே. எஸ். கிருஷ்ணனும் குண்டு பல்பின் இழையும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், அது நம்ம இயற்பியல் துறைக்குப் பெருமை சேர்த்த ஒரு பெரியவரைப் பற்றி இருந்தால் நல்லது என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். யாரைப் பற்றி என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. சர் சி. வி. ராமனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. அவருக்குப் பக்கத்தில் நின்று உழைத்த நம்ம தமிழ்நாட்டு மனிதர் ஒருவர் இருக்கிறார். கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். சுருக்கமாக டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன். அவருக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட கடன். இந்த ஆண்டு நாம் எல்லோரும் புழலில் கூடுகிற வேளையில் அதைத் தீர்த்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

கடன் ஆரம்பித்த இடம் ஒரு டார்ச் பல்பு.

என் காலத்து நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாம் ஆண்டு செய்முறைப் பயிற்சியில் ஸ்டெஃபான் விதியைச் சரிபார்க்கிற சோதனை ஒன்று வரும். சின்ன பல்பு ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்து, வோல்டேஜையும் கரண்டையும் படிப்படியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் வகுத்தால் இழையின் மின்தடை. மின்தடை எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்று பார்த்தால் வெப்பநிலை. இரண்டையும் பெருக்கினால் இழை செலவழிக்கிற திறன். வெப்பநிலையின் நான்காவது அடுக்குக்கு ஏற்றபடி திறன் ஏறும் என்பது விதி. மடக்கைத் தாளில் கோடு போட்டால் சாய்வு 4 வரணும்.

எனக்கு 3.4 வந்தது.

மறுபடி செய்தேன். மறுபடியும் அதே 3.4. வெளியே மழை, லேப் மூடுகிற நேரம், மறுநாள் ரெக்கார்டு நோட்டைக் காட்ட வேண்டும். நான் என்ன செய்தேன் என்பதை இன்றைக்கு வெட்கப்படாமல் எழுதுகிறேன். 4-லிருந்து பின்னோக்கி வந்து அளவீடுகளைத் திருத்தினேன். சந்தேகம் வரக்கூடாது என்று விடையை 3.98 என்று வைத்தேன். கையெழுத்து கிடைத்தது. நல்ல மார்க்கும் கிடைத்தது. அந்த 3.4 என்கிற எண்ணுக்குள் ஒரு பெரிய மனிதரின் பல வருஷ உழைப்பு ஒளிந்திருந்தது என்பது அப்போ எனக்குத் தெரியாது.

வத்திராயிருப்பிலிருந்து பாரிமுனைக்கு

கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். இப்போது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற ஊர். வயலும் கோயிலும் மலையும் சேர்ந்த ஊர். தந்தையார் விவசாயம் பார்த்தவர், அதே சமயம் தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த படிப்பு உள்ளவர். அந்த வீட்டுச் சூழல் கிருஷ்ணனைக் கடைசிவரை விடவில்லை. பிற்காலத்தில் உலகம் அறிந்த விஞ்ஞானி ஆன பிறகும் இலக்கியத்தையும் தத்துவத்தையும் அவர் கைவிடவில்லை. அறிவியலைத் தமிழிலும் எழுதிக் காட்டியவர் அவர்.

பள்ளிப் படிப்புக்குப் பின் மதுரை அமெரிக்கன் கல்லூரி. அங்கிருந்து சென்னை கிறித்தவக் கல்லூரி. கிறித்தவக் கல்லூரி என்றதும் இன்றைய மாணவர்கள் தாம்பரத்தை நினைப்பார்கள். கல்லூரி தாம்பரம் போனது 1937-ல்தான். அதற்கு முன்னால் அது ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. நாம் புழலிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பஸ் பிடித்துப் போய் இறங்குகிற அதே பாரிமுனைப் பக்கம்தான். ராயபுரம், தண்டையார்பேட்டை ஆட்கள் நடந்தே போய்விடுகிற தூரம். ஆக, கிருஷ்ணன் ஒரு வகையில் வடசென்னை வாசலில் படித்த பிள்ளை.

படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியில் வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மதிய இடைவேளையில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இயற்பியல், கணிதம், வேதியியல் எதில் வேண்டுமானாலும், எந்த மாணவனும் வந்து சந்தேகம் கேட்கலாம். பாடத்திட்டம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வர ஆரம்பித்தார்கள். டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்தில் கேள்விகளைத் திறந்து வைத்த மனிதர் என்று அவரைச் சொல்லலாம். கேள்வி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதை மதிக்கிற குணம் அங்கேயே தெரிகிறது.

கல்கத்தாவும் ராமனும்

1920-ல் கிருஷ்ணன் கல்கத்தா போனார். அங்கே ராமன் இருந்தார். 1923-ல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனுடைய ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். அடுத்த ஐந்து வருஷம் திரவங்களிலும் வாயுக்களிலும் ஒளி சிதறுவதைப் பற்றிய வேலை.

1928-ன் தொடக்கம் நமக்கெல்லாம் தெரிந்த வரலாறு. சிதறிய ஒளியில், உள்ளே போன நிறத்தோடு கூட வேறு நிறமும் கலந்து வருகிறது என்பதை அந்தக் குழு உறுதி செய்தது. நேச்சர் இதழுக்கு பிப்ரவரி 16-ம் தேதியிட்டு அனுப்பிய குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. மார்ச் 31 இதழில் அது அச்சானது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு வந்தது. பிப்ரவரி 28-ம் தேதியை 1987 முதல் தேசிய அறிவியல் நாளாக நாடு கொண்டாடுகிறது.

கிருஷ்ணனுக்கும் பங்கு கொடுத்திருக்கலாமே என்று நம்ம ஊரில் பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ஒரு பெரிய பரிசின் ஓரத்தில் நின்ற மனிதர், அதற்குப் பிறகு முப்பத்துமூன்று வருஷம் என்ன செய்தார் என்பதுதான் என் ஆர்வம். பலர் அந்த ஒரு பெயரை வைத்தே காலத்தை ஓட்டியிருப்பார்கள். கிருஷ்ணன் 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போய், ஒளியை விட்டுவிட்டு காந்தத்தைக் கையில் எடுத்தார்.

டாக்காவில் அவர் செய்த சோதனை அழகானது. ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, அதைக் காந்தப் புலத்தில் வைப்பார். படிகத்தின் காந்தக் குணம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் அது ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இழையை மேலிருந்து முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் தாக்குப்பிடிக்க முடியாமல் திடீரென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்தை அளந்தால், திசைக்குத் திசை காந்தக் குணம் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிடலாம். ஒரு நூல், ஒரு காந்தம், நிறையப் பொறுமை. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் உலகத்தரத்தில் வேலை செய்யலாம் என்று காட்டினார்.

1933-ல் கல்கத்தாவுக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர். 1946-ல் சர் பட்டம். நாடு விடுதலை பெற்ற 1947-ல், டெல்லியில் உருவாகிக்கொண்டிருந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஆனார். கட்டடம் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாபாவும் பட்நாகரும் இருந்த மூவர் கொண்ட முதல் அணுசக்தி ஆணையத்தில் மூன்றாமவர் கிருஷ்ணன்.

சாதாரணமாக ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கைக் கதை இங்கே முடிந்துவிடும். மிச்சம் பைல், கமிட்டி, மாலை, மேடை. கிருஷ்ணன் கதையில் எனக்குப் பிடித்த பாகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டி, இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவர் கையில் எடுத்த கேள்வி: வெற்றிடத்தில் இருக்கிற ஒரு மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால், அதன் நீளம் முழுக்க சூடு எப்படிப் பரவியிருக்கும்?

புழலில் ஒரு லோ வோல்டேஜ் மாலை

இந்தக் கேள்வியின் அருமை புரியணும்னா குண்டு பல்பைக் கொஞ்சம் பார்க்கணும். இன்றைய மாணவர்கள் வீட்டில் எல்.இ.டி. தான் இருக்கும். எங்கள் காலத்தில் புழலில் வீட்டுக்கு வீடு குண்டு பல்பு. சாயங்காலம் ஆனால் லோ வோல்டேஜ். வெள்ளையாக எரிய வேண்டிய பல்பு ஆரஞ்சாக மாறி, பிறகு சிவந்து, உள்ளே இருக்கிற சுருள் கண்ணுக்குத் தெரியும். ஃபியூஸ் போன பல்பைக் கழற்றி, மெதுவாகத் தட்டித் தட்டி, அறுந்த இழையை ஒட்டவைத்து மறுபடி எரியவிடுகிற கலை எங்கள் தெருவில் எல்லோருக்கும் கைவந்தது. அப்படி ஒட்டிய பல்பு முன்பைவிடப் பிரகாசமாக எரியும், சீக்கிரமே உயிரை விடும். இழையின் நீளம் குறைந்ததால் தடை குறைந்து, கரண்ட் கூடிப்போவதுதான் காரணம்.

அந்த இழை டங்ஸ்டன். வேதியியல் பாடத்தில் W என்று படித்த, அணு எண் 74 கொண்ட உலோகம். உலோகங்களிலேயே உருகுநிலை அதிகம் உள்ளது இதுதான், 3422 டிகிரி செல்சியஸ். எண்ணூர் பக்கத்து ஃபவுண்டரிகளில் வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1200 டிகிரியிலேயே தண்ணீராகிவிடும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அடர்த்தி தங்கத்துக்குச் சமம், கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். பல்பின் இழை எரியும்போது 2500 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஆயிரம் மணி நேரம் அந்தச் சூட்டைத் தாங்குகிறது.

இதை இழையாக்குவது லேசில் நடக்கவில்லை. டங்ஸ்டன் மண்பானை மாதிரி உடையும் குணம் உள்ளது. 1904-ல் ஐரோப்பாவில் யுஸ்ட், ஹனமான் என்ற இருவர் டங்ஸ்டன் இழை விளக்குக்குக் காப்புரிமை வாங்கினார்கள், ஆனால் இழை கை பட்டால் நொறுங்கும். அமெரிக்காவில் கூலிட்ஜ் பொடியை அழுத்தி, சூடாக்கி, அடித்து, மெல்ல மெல்ல இழுத்து, வளைகிற கம்பியாக்கும் முறையை 1910 வாக்கில் கண்டுபிடித்தார். 1913-ல் லாங்மியூர் பல்புக்குள் வாயுவை அடைத்து, இழையைச் சுருளாக்கி, டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடி கறுப்பதைக் குறைத்தார். நம்ம வீட்டுக்கு வந்த பல்பு அந்தப் பரம்பரை.

காற்றில் மட்டும் இந்த வீரனுக்கு ஆகாது. ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல் போனால் ஆக்சிஜன் அதைத் தின்றுவிடும். பல்பில் கீறல் விழுந்து காற்று நுழைந்தால், ஸ்விட்ச் போட்டதும் குப்பென்று புகை வந்து இழை போய்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் வெற்றிடம், அல்லது ஆர்கான் போன்ற சாதுவான வாயு. நம்ம பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்கிறோமே, அதில் வெல்டர் பென்சில் மாதிரி சீவி வைத்திருக்கும் ராடும் டங்ஸ்டன்தான். ராடைச் சுற்றி ஆர்கான் பாய்ந்து காப்பாற்றுகிறது.

இப்போ அந்த லோ வோல்டேஜ் பல்புக்கு வாருங்கள். சிவந்த இழையை உற்றுப் பார்த்தால், நடுவில் நன்றாகச் சிவந்திருக்கும். இழையைத் தாங்குகிற கொக்கிக்குப் பக்கத்திலும், இரண்டு முனையிலும் கறுத்திருக்கும். சின்ன வயதில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கிருஷ்ணன் கேட்டார்.

ஓரத்தில் என்ன நடக்கிறது

எஸ். சி. ஜெயின் என்ற இளைய ஆய்வாளரோடு சேர்ந்து, 1954-ல் ராயல் சொசைட்டி இதழில் இதைப் பற்றித் தொடர் கட்டுரைகளாக எழுதினார். முதலில் கணக்கு, பிறகு சோதனை. விஷயத்தை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

கம்பியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மின்சாரத்திலிருந்து ஒரு வருமானம் உண்டு. செலவு இரண்டு. ஒன்று, தன் மேற்பரப்பிலிருந்து சூட்டை ஒளியாகவும் வெப்பக் கதிராகவும் வீசுவது. இது வெப்பநிலையின் நான்காவது அடுக்கைச் சார்ந்தது. மற்றொன்று, தன்னைவிடக் குளிர்ந்த பக்கத்துத் துண்டுக்குக் கடத்திக் கொடுப்பது. கம்பி நீளமாக இருந்தால் நடுத்துண்டுக்கு இரண்டு பக்கமும் தன்னைப் போலவே சூடான ஆட்கள், அதனால் கடத்தல் செலவு கிடையாது. வருமானம் முழுக்கக் கதிராகவே போகும். ஓரத்துத் துண்டுக்கு அப்படி இல்லை. பக்கத்தில் தடித்த, குளிர்ந்த பிடிப்புக் கம்பி. சூடு அந்தப் பக்கம் ஓடிவிடும். ஆகவே ஓரம் குளிரும், கறுக்கும்.

நான்காவது அடுக்கு சேர்ந்த சமன்பாடு எளிதில் மசியாது. கிருஷ்ணன் நீளக் கம்பி, குட்டைக் கம்பி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவிலிருந்து ஓரம்வரை வெப்பநிலை எப்படி இறங்கும் என்று வழி கண்டார். இதோடு நிறுத்தவில்லை. இறங்குகிற அந்த வளைவைத் தீர்மானிப்பது உலோகம் சூட்டைக் கடத்துகிற திறன் என்றால், வளைவை அளந்து அந்தத் திறனைக் கண்டுபிடித்துவிடலாமே என்று திருப்பிப் போட்டார். ஆயிரம் டிகிரிக்கு மேலே ஓர் உலோகத்தின் வெப்பக் கடத்துதிறனை அளப்பது பெரிய தலைவலி. எல்லோரும் தொல்லை என்று ஒதுக்கிய ஓரத்துக் குளிர்ச்சி, அவர் கையில் அளக்கிற கருவியாகிவிட்டது.

இதே காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலையும் இதே ஜாதி. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான் ஆவி மாதிரி வெளியேறும். ரேடியோ வால்வு, எக்ஸ்-ரே குழாய், பழைய டி.வி.யின் பிக்சர் டியூப், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எல்லாம் இதை நம்பி வந்தவை. இதற்கு விதி வகுத்த ரிச்சர்ட்சன் 1928-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த விதியில் ஒரு மாறிலி வரும். கொள்கைப்படி சதுர சென்டிமீட்டருக்கு, டிகிரி வர்க்கத்துக்கு 120 ஆம்பியர். டங்ஸ்டன் இழையை வைத்து அளந்தால் ஏறத்தாழ 60 தான் வருகிறது. மேற்பரப்பின் நிலை அளவீட்டில் புகுந்துவிடுவது இதற்கு ஒரு காரணம்.

கிருஷ்ணனும் ஜெயினும் மேற்பரப்பையே சுற்றிக்கொண்டு போக ஒரு வழி பார்த்தார்கள். பொருளால் ஆன ஒரு மூடிய அறையைச் சூடாக்கினால் உள்ளே எலக்ட்ரான் ஆவி நிறைந்து நிற்கும். அதில் சின்ன ஓட்டை போட்டு, வெளியே கசிகிற எலக்ட்ரானை அளந்தால், உள்ளிருக்கும் ஆவியின் அழுத்தம் தெரியும். அடுப்பின் சின்ன வாய் வழியே பார்த்து உள்ளே உள்ள சூட்டை மதிப்பிடுகிற மாதிரி. 1952-லிருந்து கிராஃபைட்டுக்கும் பல உலோகங்களுக்கும் இந்த முறையில் அளந்து வெளியிட்டார்கள். புத்தகத்துக்கும் அளவீட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தால் அதை மூடி மறைக்காமல், அதற்குள்ளேயே இறங்கிப் பார்ப்பது அவர் பழக்கம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வெல்டிங் ராடில் சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அதில் 2 சதவிகிதம் தோரியம் ஆக்சைடு கலந்திருக்கிறது என்று பொருள். சுத்த டங்ஸ்டனிலிருந்து எலக்ட்ரானை இழுக்க 4.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். தோரியம் சேர்ந்தால் அது வெகுவாகக் குறைகிறது, ஆர்க் சுலபமாகப் பிடிக்கிறது. பட்டறை வெல்டரும் டெல்லி இயக்குநரும் ஒரே விஷயத்தைத்தான் கையாண்டார்கள்.

என் 3.4

கல்லூரியை விட்டு வெளியே வந்து பல வருஷம் கழித்து, வடசென்னையில் ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில் ஃபர்னஸ் என் பொறுப்பில் இருந்தது. ஒரு சமயம் கதவுப் பக்கம் வைத்த ஜாப் எல்லாம் கடினமாகாமல் மென்மையாகத் திரும்பி வந்தது. நடுவில் வைத்தவை சரியாக இருந்தன. மீட்டர் சரியாகத்தான் காட்டியது, ஏனென்றால் தெர்மோகப்பிள் இருந்தது நடுவில். ஒரு லோடு முழுக்க வீணாகி, ராத்திரி தூக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, லோ வோல்டேஜ் பல்பின் கறுத்த ஓரம் மனசில் வந்தது. கதவு வழியே சூடு ஓடுகிறது. ஓரத்தில் காயிலைக் கூடுதலாக நெருக்கிச் சுற்றினோம், ஜாப்பை உள்ளே தள்ளி வைத்தோம். தொல்லை தீர்ந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். நூலகத்தில் ஓர் ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பில், வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடான மெல்லிய கம்பி என்று பார்த்தேன். கீழே கிருஷ்ணன் என்ற பெயர். ராமனோடு பாடத்தில் படித்த அதே கிருஷ்ணன். அங்கேயே நின்றுவிட்டேன்.

என் 3.4 எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. டார்ச் பல்பின் இழை குட்டை. ஓரம்தான் அதில் பெரும் பங்கு. நான் கொடுத்த திறனில் ஒரு பகுதி கதிராகப் போகாமல், பிடிப்புக் கம்பி வழியே ஓடியிருக்கிறது. அந்தப் பகுதி நான்காவது அடுக்குக்குக் கட்டுப்படாது. குறைந்த சூட்டில் அதன் பங்கு இன்னும் அதிகம், அதனால் சாய்வு குறையும். மின்தடையை வைத்து நான் கணக்கிட்ட வெப்பநிலையும் நடுவுக்கும் ஓரத்துக்கும் சேர்ந்த சராசரிதான். போதாததற்கு, டங்ஸ்டன் முழுக் கரும்பொருள் இல்லை. 1000 கெல்வினில் கரும்பொருள் வீசுவதில் பத்தில் ஒரு பங்கைத்தான் வீசும், 2000-ல் கால் பங்கை எட்டும். இது சாய்வை மேலே தள்ளும். இத்தனை பேர் கூடி இழுத்துத் தள்ளிய கணக்குத்தான் அந்த 3.4. பல்பு உண்மையைத்தான் சொன்னது. பொய் சொன்னது நான்.

அதைத் திருத்தாமல் எழுதி, ஏன் 4 வரவில்லை என்று ஒரு வரி கேட்டிருந்தால், நானும் ஒரு நாளாவது அந்தப் பெரியவர் நின்ற இடத்தில் நின்றிருப்பேன். பட்டறையில் அந்த ஒரு லோடும் தப்பியிருக்கும்.

கடைசிக் காலம்

1954-ல் கிருஷ்ணனுக்கு பத்மபூஷண் கிடைத்தது. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 1958-ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர்தான். 1961 ஜூனில், பதவியில் இருக்கும்போதே, அறுபத்திரண்டு வயதில் மாரடைப்பால் காலமானார். ஆய்வுக்கூடம் இருக்கிற டெல்லிச் சாலைக்கு இன்று அவர் பெயர். நம்ம பக்கத்தில் அவரை அறிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு ஒரு மனக்குறை.

அவர் படித்த மதுரைச் சீமையில் அண்மையில் டங்ஸ்டன் என்ற சொல் வேறு விதமாக ஒலித்தது. மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி, அரிட்டாபட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக 2024-ல் ஏலம் விட்டார்கள். பழைய மலைகளையும் குளங்களையும் காக்க ஊர்மக்கள் போராடினார்கள். 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. வீட்டு பல்பிலிருந்து டங்ஸ்டன் போய்விட்டாலும் தேவை போகவில்லை. வெட்டும் கருவி, எக்ஸ்-ரே குழாய், உயர்வெப்ப ஃபர்னஸ், ஆர்கான் வெல்டிங் எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருக்கிறது. ஒரு பொருளை அறிந்துகொள்வது ஆய்வுக்கூடத்தோடு முடிகிற வேலை இல்லை என்பதற்கு இது அடையாளம்.

அன்பு மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். டார்ச் பல்பு சோதனை உங்கள் கைக்கு வந்தால், வருகிற எண்ணை அப்படியே எழுதுங்கள். 3.4 வந்தால் 3.4. 4.6 வந்தால் 4.6. பக்கத்தில் ஏன் என்று ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அந்தக் கேள்விக்குறிக்கும் தனியாக ஒரு மார்க் கொடுங்கள். அது மதிய இடைவேளையில் கேள்வி கேட்கச் சொன்ன கிருஷ்ணனுக்கு நாம் செய்கிற மரியாதை.

விழா மேடைக்குப் பக்கத்தில் உள்ள மேசையில், கண்ணாடி தெளிவான ஒரு குண்டு பல்பையும் வெளிச்சத்தைக் குறைக்கிற ரெகுலேட்டரையும் வைக்க மலர்க்குழுவினர் சம்மதித்திருக்கிறார்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன். காபி குடித்துவிட்டு வாருங்கள், இழையைச் சிவக்க வைத்து ஓரத்தைப் பார்ப்போம். என் பழைய ரெக்கார்டு நோட்டையும் கொண்டு வருகிறேன். அந்தப் பக்கத்தில் 3.98-ஐ அடித்து, மேலே 3.4 என்று எழுதிவிட்டேன்.